பத்தரைக்கு வருவதாகச் சொன்னவன்: தனியாக நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவரின் சராசரி வேகம்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் அக்காவிடம் "பத்தரைக்கு வந்துவிடுவேன், எனக்கு இட்லி எடுத்து வை" என்று சொல்லியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அதிகாலை நாலரை மணிக்குத் திருவான்மியூரிலிருந்து கிளம்பினேன். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வீட்டு வாசல் வரை 145 கி.மீ. மணிக்கு 25 கி.மீ. வீதம் போனால் ஆறு மணி நேரத்துக்குள் போய்விடலாம். முந்தைய வாரம் நண்பர்களோடு மாமல்லபுரம் போய்வந்தபோது கைப்பிடியில் மாட்டியிருந்த கருவி 28 காட்டியிருந்ததால், 25 என்பது அடக்கமான எதிர்பார்ப்பு என்றே நினைத்தேன். அக்கா வீட்டுச் சுவரில் சைக்கிளைச் சாய்த்தபோது மணி 12:37. இட்லி விறைத்துப் போயிருந்தது. அக்கா சோறே வடித்துவிட்டிருந்தாள். கருவியோ கொஞ்சமும் கூச்சமில்லாமல் சராசரி வேகம் 22.5 என்று காட்டிக்கொண்டிருந்தது.

145 கி.மீ. தூரத்தை எட்டு மணி ஏழு நிமிடத்தால் வகுத்தால் 17.9 தான் வரும். 22.5 எங்கிருந்து வந்தது? கருவி பொய் சொல்லவில்லை. நான் நின்ற நேரத்தையெல்லாம் அது கழித்துவிட்டது. கோவளம் தாண்டி ஒரு டீ, கடப்பாக்கத்துக்கு அருகே பின்சக்கரத்தில் பங்க்சர், மரக்காணத்தில் இரண்டு இளநீர், அதன் பிறகு எழுந்திருக்க மனமில்லாமல் மர நிழலில் உட்கார்ந்திருந்த இருபது நிமிடம் என்று எல்லாம் சேர்ந்து ஒரு மணி நாற்பது நிமிடம். சக்கரம் சுற்றாதபோது கடிகாரத்தைத் தானாக நிறுத்திவைக்கும் வசதி இன்றைய சைக்கிள் கருவிகளில் சாதாரணமாக இருக்கிறது. ஸ்ட்ராவா செயலியும் சவாரியின் சராசரியை நகர்ந்த நேரத்தைக் கொண்டே போடுகிறது. மொத்த நேரமும் அங்கேதான் இருக்கும், தேடினால் கிடைக்கும். ஆனால் அதை யாரும் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவதில்லை.

நான் சைக்கிள் பழகியது வாடகை சைக்கிளில். கடைக்காரர் நோட்டில் பெயரையும், சைக்கிளின் மட்கார்டில் பெயின்ட்டால் எழுதியிருக்கும் எண்ணையும், எடுத்த மணியையும் குறித்துக்கொள்வார். திரும்ப வந்து நிறுத்தும்போது சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்ப்பார். வழியில் செயின் கழன்றது, ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள், மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போ என்றார்கள் என்று எதைச் சொன்னாலும் அவர் கணக்கு மாறாது. மொத்த நேரம் என்றால் என்ன என்பதற்கு அவரைவிட நல்ல ஆசிரியர் எனக்குக் கிடைக்கவில்லை. அன்றைய என் 22.5-ஐ அவரிடம் காட்டியிருந்தால் 17.9-க்குத்தான் காசு வாங்கியிருப்பார்.

ஆகவே, தொழில்முறை வீரர் அல்லாத ஒருவர், தனியாக, நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்தால் சராசரி என்ன வேகம் வரும் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கூடச் சென்றவர்களையும் வழியில் பேசிப் பழகியவர்களையும் வைத்து நான் போட்டு வைத்திருக்கும் தோராயமான கணக்கு இது. சமதளம், கடுமையில்லாத காற்று, நகர்ந்த நேரம் மட்டும் என்று வைத்துக்கொண்டால், வளைந்த கைப்பிடி கொண்ட ரோடு பைக்கில் வாரம் இரண்டு மூன்று நாள் ஓட்டுபவருக்கு 22 முதல் 26 வரை. ஒழுங்கான பயிற்சித் திட்டத்தோடு ஓட்டுபவருக்கு 27 முதல் 30 வரை. நேர்க் கைப்பிடி ஹைப்ரிட் சைக்கிளில் 18 முதல் 22 வரை. பால்காரர் ஓட்டும் கறுப்பு சைக்கிளில் நாள் முழுக்க மிதித்தால் 13 முதல் 16 வரை. நின்ற நேரத்தையும் சேர்த்தால் எல்லாவற்றிலும் மூன்று முதல் ஐந்து கி.மீ. வரை கழித்துக்கொள்ள வேண்டும். இதைவிட அதிகம் சொல்பவர்கள் எல்லோரும் பொய்யர்கள் அல்ல. பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்றை அளந்திருப்பார்கள்.

வேகம் ஏன் இந்த இடத்தில் வந்து முட்டி நிற்கிறது என்பதற்கு முதல் காரணம் காற்று. சமதளத்தில் மிதிப்பவர் இரண்டு எதிர்ப்புகளோடு மல்லுக்கட்டுகிறார். ஒன்று, டயர் சாலையில் உருளும்போது ஏற்படும் இழப்பு. இது வேகம் கூடினாலும் ஏறத்தாழ அதே விசையாகவே இருக்கும். மற்றொன்று காற்று. அதன் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது, அதை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. எண்களில் பார்த்தால் இது உறைக்கும். ஆளும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 85 கிலோ, சாதாரண டயர், கைப்பிடியின் மேற்பகுதியைப் பிடித்து ஓரளவு நிமிர்ந்த உட்காரல், நம்மூர் வெப்பக் காற்று என்று வைத்துக் கணக்கிட்டால் மணிக்கு 20 கி.மீ. வேகத்துக்குக் கால்கள் சுமார் 70 வாட் தர வேண்டும். வீட்டில் சுழலும் சாதாரண மின்விசிறி ஒன்று குடிக்கும் மின்சாரம் ஏறக்குறைய அவ்வளவுதான். 25-க்குச் சுமார் 110 வாட், அதாவது ஒன்றரை மின்விசிறி. 30-க்கு 175 வாட். 35-க்கு 260 வாட், மூன்றரை மின்விசிறி. இருபதிலிருந்து முப்பத்தைந்துக்குப் போக வேகம் இரட்டிப்புகூட ஆகவில்லை, உழைப்போ நான்கு மடங்கை நெருங்கிவிட்டது.

இதன் மறுபக்கம் இன்னும் எரிச்சலானது. மாதக்கணக்கில் பயிற்சி செய்து கால் வலுவைப் பத்து சதவீதம் கூட்டினாலும் 25-ல் ஓட்டுபவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு கிலோமீட்டர், 26. அதே ஒரு கிலோமீட்டரை, கைப்பிடியின் கீழ்வளைவைப் பிடித்து முதுகைத் தாழ்த்தினாலே செலவில்லாமல் பெற்றுவிடலாம். ஆறு மணி நேரம் அப்படிக் குனிந்திருக்க இடுப்பு சம்மதிக்குமா என்பது தனிக் கேள்வி. என் இடுப்பு அரை மணி நேரத்துக்கு மேல் சம்மதித்ததில்லை.

பயிற்சி உள்ள ஒருவரால் ஒரு மணி நேரம் 200 வாட் தாக்குப்பிடிக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். இது சுமாரான பலம் அல்ல, நல்ல பலம். ஐந்தாறு மணி நேரச் சவாரியில் அவரால் அதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தொடர்ந்து தர முடியும், ஏறக்குறைய 135 வாட். அது காற்றில்லாத சமதளத்தில் மணிக்கு 27 கி.மீ. பிறகு ஊர்கள், சந்திப்புகள், எதிர்காற்று, களைப்பு ஆகியவற்றுக்குக் கழித்தால் 24, 25-ல் வந்து நிற்கும். சாலையில் பார்க்கும் எண்ணும் அதுதான்.

கழிவு எவ்வளவு பெரியது என்பதைப் பலர் உணர்வதில்லை. நூறு கிலோமீட்டரில் 90 கி.மீ. திறந்த சாலை, 10 கி.மீ. மட்டும் ஊர்களுக்குள், சந்தைக் கூட்டமும் வேகத்தடைகளும் குறுக்கே படுத்திருக்கும் மாடுகளுமாக 15 கி.மீ. வேகத்தில் போக வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்துக்கே 40 நிமிடம் போய்விடும். மொத்தச் சராசரி 30 வேண்டுமென்றால் மிச்சமுள்ள 90 கிலோமீட்டரை 160 நிமிடத்தில் கடக்க வேண்டும், அதாவது மணிக்கு 33.75 கி.மீ. வேகத்தில். அதற்குத் தேவை 175 வாட் அல்ல, சுமார் 235. "திரையில் எப்போதும் முப்பதுக்கு மேல்தான் ஓடியது, கடைசியில் பார்த்தால் 26" என்று புலம்பும் நண்பர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும். வேகமாகப் போகும் நிமிடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன, மெதுவாகப் போகும் நிமிடங்கள்தான் நீண்டுகொண்டே போகின்றன.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. "போகும்போது மணிக்கு 20 கி.மீ., திரும்பும்போது 30 கி.மீ., சராசரி என்ன?" என்று எல்லாப் போட்டித் தேர்வுகளிலும் கேட்கிறார்கள். 25 என்று எழுதியவர் தோற்றார். விடை 24. மெதுவாகச் சென்ற பாதிக்கு அதிக நேரம் ஆகிறது என்பதால் சராசரி அந்தப் பக்கமே சாயும். தேர்வு அறையில் 24 என்று சரியாக எழுதிவிட்டு, சாலையில் "போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று, சரியாகிவிடும்" என்று சொல்லிக்கொள்கிறோம். சரியாகாது. மேலே சொன்ன 110 வாட் ஆளை மணிக்கு 10 கி.மீ. எதிர்காற்றில் விட்டால் அவர் வேகம் 25-லிருந்து 19.6-க்கு விழும். திரும்பும்போது அதே காற்று தள்ளினால் 31 வரை போகும். ஐம்பது கி.மீ. போய் ஐம்பது கி.மீ. வந்தால் மொத்தச் சராசரி 24. எண்ணில் ஒரு கிலோமீட்டர்தான் இழப்பு. ஆனால் போகும் பாதியில் நடைமுறையில் யாரும் 110 வாட்டில் பொறுமையாக இருப்பதில்லை. வேகம் விழுவதைப் பார்த்துப் பதறி, அதே 25-ஐப் பிடிக்க முயல்வார்கள். அதற்கு 180 வாட்டுக்கு மேல் வேண்டும். திரும்பி வரும்போது பின்காற்று இருந்தும் மிதிக்கக் கால் இருக்காது.

காற்றைத் திசைவாரியாகப் பெயர் வைத்துப் பிரித்த மொழி நம்முடையது. வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. கவிஞர்களுக்குத் தென்றல் இனித்திருக்கலாம். சென்னையிலிருந்து தெற்கு நோக்கி மிதிப்பவனுக்கு அது முகத்தில் அறையும் காற்று. கோடை மாதங்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஏறக்குறைய அசைவில்லாமல் இருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் கடற்காற்று உள்ளே புகும், தென்கிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும். அன்று எனக்கு நடந்தது அதுதான். முதல் 50 கிலோமீட்டரை 28-ல் போனேன், அடுத்த 60-ஐ 23-ல். மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிய பிறகு, மறைப்புக்கு ஒரு மரமும் இல்லாத வெளியில், கடைசி 35 கிலோமீட்டரை 17-ல் உருட்டினேன். முற்பகுதியில் அவசரப்பட்டுச் சேமித்த நிமிடங்களைப் பிற்பகுதி வட்டியோடு வாங்கிக்கொண்டது. இதே சாலையில் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே போனால் வாடை முதுகைத் தள்ளும். அந்த மாதங்களில் புதுச்சேரிக்குப் போய் "27 வந்தது" என்று சொல்பவரிடம் திரும்பி எப்படி வந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பஸ்ஸில் வந்திருப்பார்.

மேற்கே இன்னும் கடுமை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு திறந்த வாசல். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே குறுகிப் பாய்ந்து பல்லடம், உடுமலை வரை வீசுகிறது. அங்கே காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கும், தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி முப்பந்தலில் அவை காடுபோல நிற்பதற்கும் காரணம் ஒன்றே. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழிக்கு அந்தப் பக்கத்தில் விளக்கவுரை தேவையில்லை. கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே, பாலக்காடு நூறு மீட்டருக்கும் கீழே. ஆகவே கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு மொத்தத்தில் இறக்கம்தான். அந்த இறக்கம் ஐம்பது கி.மீ. தூரத்தில் பரவிக் கிடப்பதால் அது தரும் உதவி, டயரின் உருளல் எதிர்ப்பை ஈடுகட்டும் அளவுதான். 25-ல் போகிறவர் மீது பத்து கி.மீ. எதிர்காற்று மோதினால் அதைப்போல இருமடங்குச் சுமை கூடுகிறது. ஆடி மாதத்தில் அந்தக் கணவாயில் அடிப்பதோ பத்தோடு நிற்காது. இறக்கத்தில் மிதித்தும் மேட்டில் ஏறுவதுபோல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது மிகை இல்லை.

மலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அங்கே கணக்கு நேரானது. சமதளத்தில் 150 வாட்டில் 28-ல் போகிறவர் ஐந்து சதவீத ஏற்றத்தில் 11-ல்தான் போவார். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளோ கொல்லிமலையின் 70 வளைவுகளோ, இறங்கும்போது எவ்வளவு பறந்தாலும் ஏறிய நேரம் திரும்பக் கிடைக்காது. இருபது கி.மீ. ஏற்றத்தைப் பத்தில் ஏறி, அதே தூரத்தை நாற்பதில் இறங்கினால் சராசரி 16. மலை கலந்த பாதையின் சராசரியைச் சமதளச் சராசரியோடு ஒப்பிடுவது கிணற்றுத் தண்ணீரையும் கடல் தண்ணீரையும் ருசி பார்ப்பது போல. ஒரு கிலோ எடை குறைந்த சைக்கிளுக்கு ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு தகவல்: ஒரு மணி நேர ஏற்றத்தில் அந்த ஒரு கிலோ மிச்சப்படுத்துவது சுமார் 40 விநாடி. சமதளத்தில் அது தெரியவே தெரியாது.

இனி "தனியாக" என்ற சொல்லுக்கு வருவோம். மாமல்லபுரத்துக்கு நண்பர்களோடு போனபோது 28 வந்ததற்குக் காரணம் என் கால்கள் அல்ல, முன்னால் போனவரின் முதுகு. ஒருவர் பின்னால் ஒட்டிச் செல்லும்போது காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. பெரிய கூட்டத்தின் நடுவில் இன்னும் அதிகம் குறையும். 2022 டூர் டி பிரான்ஸ் போட்டியின் வெற்றியாளர் யோனஸ் விங்கெகோர் மலைகளும் உட்பட மூன்று வாரத்துக்கு 42 கி.மீ.க்கு மேல் சராசரி வைத்திருந்தார் என்பதை வியக்கலாம், வியக்கத்தான் வேண்டும். ஆனால் அது நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து காற்றைக் கிழித்த வேகம். ஒரே ஆள் எவ்வளவு போக முடியும் என்பதற்கு ஒரு மணி நேரச் சாதனைதான் அளவுகோல். 1972-ல் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரில் 49.431 கி.மீ. ஓட்டினார். அந்த நகரம் நம் உதகமண்டலத்தின் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்திருக்கும் என்பதற்காகவே அவ்வளவு தூரம் போனார். 2022-ல் இத்தாலியின் பிலிப்போ கன்னா சுவிட்சர்லாந்தின் உள்ளரங்கத் தடத்தில் 56.792 கி.மீ. தொட்டார். காற்றில்லை, மேடில்லை, மாடில்லை, ஒரு மணி நேரம் மட்டும்.

இந்த எண்களைவிட எனக்கு நெருக்கமாகத் தோன்றுவன வேறு இரண்டு. 2017-ல் ஸ்காட்லாந்துக்காரர் மார்க் போமான்ட் 78 நாள் 14 மணி 40 நிமிடத்தில் சைக்கிளில் உலகைச் சுற்றி வந்தார். உதவிக்குழு வண்டியில் கூடவே வந்தது, உணவு கைக்கு வந்தது, சைக்கிளும் உயர்தரமானது. அவர் வகுத்துக்கொண்ட திட்டம் நாளுக்கு 16 மணி நேரம், 240 மைல், அதாவது 386 கி.மீ. வகுத்துப் பாருங்கள், மணிக்கு 24 கி.மீ. உலகச் சாதனையின் சராசரியும் நம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்காரரின் சராசரியும் ஒரே எண். வித்தியாசம் என்னவென்றால், நம்மவர் அடுத்த நாள் காலையில் எழுந்து நடக்கவே யோசிப்பார், அவர் அதை இரண்டரை மாதம் தினமும் செய்தார். மற்றொருவர் பிரான்சின் ரொபேர் மர்ஷான். 2014-ல் தம் 102-ஆம் வயதில் உள்ளரங்கத் தடத்தில் தனியாக ஒரு மணி நேரத்தில் 26.927 கி.மீ. ஓட்டினார். காலையில் முகநூலில் "சோலோ 26" என்று பதிவிடத் தோன்றும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாத்தாவின் முகம் நினைவுக்கு வரும்.

உடம்பின் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். தசையிலும் ஈரலிலும் சேர்ந்து கிடக்கும் மாவுச்சத்துச் சேமிப்பு நன்றாகச் சாப்பிட்டவருக்கும் 400, 500 கிராம்தான், சுமார் 2000 கிலோ கலோரி. மனித உடம்பு தான் எரிப்பதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைத்தான் பெடலுக்குத் தருகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். 110 வாட்டில் ஐந்து மணி நேரம் மிதித்தால் எரிவது சுமார் 2000 கிலோ கலோரி. கொழுப்பும் அதில் பங்கு கொள்வதால் சேமிப்பு உடனே தீர்ந்துவிடாது. ஆனால் 28-ல் கிளம்பியவரிடம் மாவுச்சத்து விரைவாகக் கரையும், நான்காவது மணியில் கண்ணில் பூச்சி பறக்கும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்துத் துறையின் பொதுவான அறிவுரை. நம்மூர்க் கணக்கில் இரண்டு பெரிய வாழைப்பழமும் கொஞ்சம் கடலை மிட்டாயும். அன்று நான் மரக்காணம் வரை ஒரு டீயோடும் இரண்டு பிஸ்கட்டோடும் போனேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அதோடு வெப்பம். நம் கடற்கரையில் ஈரப்பதத்தால் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. குளிர்விக்க இரத்தம் தோலுக்கு ஓடும், இதயம் அதே வேலைக்கு அதிகமாகத் துடிக்கும். ஐரோப்பியர்கள் எழுதும் சராசரிகளை நம் ஏப்ரல் மாதத்துக்குப் பொருத்திப் பார்த்து ஏங்குவதில் பொருளில்லை.

இந்த எண்கள் எல்லாவற்றையும் ஓரம் தள்ளிவிட்டு, வாடகை சைக்கிள் கடைக்காரரைப்போலவே கணக்கு வைக்கும் ஓர் ஏற்பாடு உலகம் முழுக்க நடக்கிறது. பாரிஸைச் சேர்ந்த ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி நடக்கும் பிரெவே எனப்படும் நெடுஞ்சவாரிகள் அவை. இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனியர்ஸ் என்ற அமைப்பு நடத்துகிறது, தமிழ்நாட்டு ஊர்களிலும் நடக்கின்றன. 200 கிலோமீட்டருக்கு உச்ச வரம்பு பதின்மூன்றரை மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. கடிகாரம் ஒரு நொடியும் நிற்காது. தூங்கினாலும் ஓடும், டியூப் மாற்றினாலும் ஓடும், மழைக்கு ஒதுங்கினாலும் ஓடும். வழியிலுள்ள சோதனை இடங்கள் குறித்த நேரத்தில்தான் திறக்கும் என்பதால் கண்மண் தெரியாமல் வேகமாகப் போகவும் முடியாது. முதலில் வந்தவருக்குக் கோப்பை எதுவும் கிடையாது. பிரெஞ்சுக்காரர்களிடம் இதற்கு மூத்த வடிவம் ஒன்றும் இருக்கிறது. வழித்தலைவர் முன்செல்ல, எல்லோரும் கூட்டமாக மணிக்கு 22.5 கி.மீ. என்ற ஒரே வேகத்தில் போக வேண்டும். புதுச்சேரியில் என் கருவி காட்டிய அதே 22.5. ஒரு நாள் முழுக்கச் சாதாரண மனிதர்கள் தாங்கக்கூடிய வேகம் எது என்பதை ஜிபிஎஸ் இல்லாத காலத்திலேயே அவர்கள் கச்சிதமாகப் பிடித்துவிட்டார்கள்.

பிரெவே ஓட்டுபவர்கள் சராசரி வேகத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, நின்ற நேரத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். காரணம் எளிது. 200 கி.மீ. பாதையில் ஒருவர் 24-ல் மிதித்து, நின்று நின்று இரண்டு மணி நேரம் செலவிட்டால் பத்து மணி இருபது நிமிடத்தில் வந்துசேர்வார். இன்னொருவர் 22-ல் மிதித்து, முக்கால் மணி நேரம் மட்டும் நின்றால் பத்து மணி நேரத்துக்குள் வந்துவிடுவார். இரண்டு கிலோமீட்டர் கூடுதல் வேகத்துக்கு வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். டீக்கடை பெஞ்சிலிருந்து பத்து நிமிடம் முன்னால் எழுந்திருக்க உழைப்பு தேவையில்லை, மனசு இருந்தால் போதும். தூரம் நீள நீள வேகத்தின் பொருளும் மாறுகிறது. 600 கி.மீ. சவாரியில் நகரும் வேகம் 20 என்றால் முப்பது மணி நேரம் மிதித்தாக வேண்டும், உணவுக்கும் உறக்கத்துக்கும் மிஞ்சுவது பத்து மணி. அதே ஆள் 21-ல் போனால் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் மிச்சம். பஸ் நிறுத்தத்து சிமென்ட் திண்ணையில் படுத்து ஒன்றரை மணி நேரம் தூங்கியவருக்கும் தூங்காதவருக்கும் மறுநாள் காலையில் இருக்கும் வித்தியாசத்தை எந்த வாட் கணக்காலும் சொல்ல முடியாது.

இந்த வகைச் சவாரிகளின் தாய் பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ். 1891-ல் முதன்முறை நடந்தபோது அது பந்தயம். வென்ற ஷார்ல் தெரோன் சுமார் 1200 கிலோமீட்டரைத் தூங்காமல் 71 மணி 22 நிமிடத்தில் முடித்தார். மொத்த நேரச் சராசரி மணிக்கு 17 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. இன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பொழுதுபோக்குக்காக ஓட்டுபவர்களுக்கு நடக்கும் அதே சவாரிக்கு உச்ச வரம்பு 90 மணி, அதாவது 13.3. கருவியில் 25-க்குக் குறைந்தால் முகம் சுளிப்பவர்களில் பலர் அந்தப் பதின்மூன்றை எட்ட முடியாமல் பாதியில் நின்றிருக்கிறார்கள்.

கருவியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. சக்கரத்தில் காந்தமோ உணரியோ பொருத்தி அளப்பவர்கள் டயர் சுற்றளவைச் சரியாகக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 25 மி.மீ. டயர் போட்டுக்கொண்டு 28 மி.மீ. டயரின் சுற்றளவைக் கொடுத்துவிட்டால் நூறு கி.மீ.க்கு ஒன்றரை கி.மீ. இலவசமாகக் கிடைக்கும். சராசரியும் அதற்கேற்பத் தாராளமாகும். ஒருவர் புது டயர் மாற்றிய பிறகு வேகம் கூடிவிட்டது என்று மகிழ்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புதுச்சேரிக்கு இப்போதும் வருடம் இரண்டு முறை போகிறேன். கருவியில் சராசரி வேகம் தெரியும் பக்கத்தை எடுத்துவிட்டேன், மணியும் தூரமும் மட்டும் தெரிகின்றன. கிளம்பும்போது மொத்தத் தூரத்தை 18-ஆல் வகுத்து, கோடை என்றால் அரை மணி கூட்டி, அக்காவிடம் வந்து சேரும் நேரத்தைச் சொல்கிறேன். போன முறை ஒன்றே கால் என்றேன். ஒன்று இருபதுக்கு வாசலில் நின்றேன். அக்கா அப்போதுதான் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் சொன்ன நேரத்தோடு தன் கணக்குக்கு இன்னொரு மணி நேரம் சேர்த்திருந்தாளாம்.